மோகனாவும் சிந்துவும் என் அப்பாவும்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல், கணினி அறிவியல்)

இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட தமிழ்த்துறைப் பேராசிரியர் அவர்கள், "கணினி படிக்கிற பிள்ளை நீ. கணினியைப் பற்றியே எழுதேன்" என்றார்கள். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது கணினிக்குள்ளிருந்து ஒரு தவில் எழுந்து வந்துவிட்டது. நான் என்ன செய்வேன்? இதில் வரும் பெரியவர்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேரு போடாம எழுதிக்க கண்ணு" என்றார் அப்பா. ஆகவே என் பெயரும் இதில் இல்லை.

கதை தொடங்கியது என் அத்தை மகளின் கைப்பேசியில். அவள் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பேசியில் கதை படிப்பாள். படிப்பாள் என்பது கூடச் சரியில்லை, நடத்துவாள். அது ஓர் இசைக்குழுவின் கதை. கித்தார் வாசிப்பவன் ஒருவன், டிரம்ஸ் வாசிப்பவன் ஒருவன், நடுவில் பாடகி. பாடகி நாம்தான். கித்தார்க்காரன் கோபித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினால் அவன் பின்னால் ஓடுவதா, பாட்டைத் தொடர்வதா என்று கதை நம்மையே கேட்கும். விரலால் ஒன்றைத் தொட்டால் கதை அந்தப் பக்கம் திரும்பும். இதில் வேடிக்கை என்னவென்றால், நல்ல பதில்களுக்கு வைரக்கற்கள் கேட்பார்கள். வைரக்கற்களுக்குக் காசு கட்ட வேண்டும். சனிக்கிழமைச் சம்பளக்காரியான என் அத்தை மகள் இலவசப் பதிலையே தொடுவாள். அதனால் அவளுடைய பாடகி எப்போதும் யாரிடமாவது திட்டு வாங்கிக்கொண்டே இருப்பாள்.

இத்தகைய கதைகள் புதியன அல்ல. 1979-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் 'உன் சாகசத்தை நீயே தேர்ந்தெடு' என்ற பொருள்படும் தலைப்பில் சிறுவர் நூல் வரிசை வந்தது. "குகைக்குள் நுழைய வேண்டுமானால் இந்தப் பக்கத்துக்குப் போ, திரும்பிப்போக வேண்டுமானால் அந்தப் பக்கத்துக்குப் போ" என்ற பாணி. கணினியில் இவற்றை எழுத 'ட்வைன்' என்றொரு கருவி இருக்கிறது. 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது, இலவசம். கதையைத் துண்டு துண்டாக எழுத வேண்டும். அடுத்த துண்டுக்குப் போகும் சொற்களை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் போதும், அது ஒரு வழியாகிவிடும். திரையில் பார்த்தால் கட்டங்களும் அம்புக்குறிகளுமாய், கட்டிங் மேஜையில் விரித்த பேட்டர்ன் போலத் தெரியும். எங்கள் துறைக் கண்காட்சிக்கு இதில் ஒரு கதை செய்து வைக்கலாம் என்று நானும் என் தோழியும் முடிவு செய்தோம். இசைக்குழுக் கதைதான் வேண்டும் என்றாள் அவள். ஆனால் கித்தார் வாசிப்பவனை நாங்கள் எங்கே கண்டோம்? எங்களுக்குத் தெரிந்த இசைக்கலைஞர்களின் சிக்கலான கதை என்றால் அது தில்லானா மோகனாம்பாள்தான்.

கொத்தமங்கலம் சுப்பு அவர்கள் 'கலைமணி' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் 1950-களின் பிற்பகுதியில் எழுதிய தொடர்கதை அது. ஓவியர் கோபுலு படம் வரைந்தார். ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் திரைப்படமாக 1968-இல் வெளிவந்தது. திரையில் சிவாஜி கணேசன் நாகசுரம் பிடித்திருப்பார். அதன் ஒலியோ மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. இதையெல்லாம் அறியாமலே பண்டிகை நாள்தோறும் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் அந்தப் படம் ஓடும்போது அப்பா மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. புகைபிடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவருக்குப் புகைப்பழக்கமே கிடையாது என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

தோழியும் நானும் சண்முகசுந்தரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அழகர் கோயில் திருவிழாவில் அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கை வெடிக்கிறது. வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்துவிடுகிறார். இது என்ன? கலையின் மானமா, தனிமனிதனின் முன்கோபமா? "இரண்டும்தான்" என்றாள் தோழி. கணினியில் 'இரண்டும்தான்' என்று எழுத முடியாது. ஏதேனும் ஒரு வழியில்தான் அம்புக்குறி போக வேண்டும். அங்கேதான் எங்களுக்கு முதல் சிரமம். ஒரே செயல்; ஆனால் எந்தக் காரணத்துக்காக அவர் எழுந்தார் என்பதைப் பொறுத்து அடுத்து அவர் மோகனாவின் ஆட்டத்தைப் பார்க்கச் செல்வதன் பொருளே மாறிவிடுகிறது. மானத்துக்காக எழுந்தவர் என்றால் எதிராளியின் கலையை எடைபோடப் போகிறார். கோபத்தில் எழுந்தவர் என்றால் குறை கண்டுபிடிக்கப் போகிறார். போன இடத்தில் மனத்தைப் பறிகொடுக்கிறார் என்பது வேறு விஷயம்.

அந்தக் கதையில் எல்லாரும் திட்டுவது வடிவாம்பாளைத்தான். மகளைச் செல்வந்தரிடம் ஒப்படைக்கத் துடிக்கும் பேராசைத் தாய் என்பார்கள். அந்தப் பாத்திரத்துக்கு வழிகள் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எழுத எழுத அந்த அம்மாள்மீது எனக்குக் கோபம் குறைந்துகொண்டே போனது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்தது. தொடர்கதை எழுதப்பட்டது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து. ஆட்டத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு மானியம் போயிற்று, கோயில் போயிற்று. ஆதரித்த மிராசுகளும் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருந்த காலம். மகள் விரும்புவதோ ஒரு நாகசுரக்காரரை. அவருக்கும் வருமானம் திருவிழாவுக்குத் திருவிழாதான். வடிவாம்பாள் செய்வது நியாயம் என்று நான் சொல்லவில்லை. வைத்தி போன்ற ஒருவரை நம்பியது மன்னிக்கக்கூடியதும் அன்று. ஆனால் அந்தத் தாயின் பேராசை என்று நாம் சொல்வதில் முக்கால் பங்கு அச்சம். எங்கள் தெருவில், ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது "வாரச் சம்பளமா, மாசச் சம்பளமா?" என்று முதலில் கேட்கும் தாய்மார்களின் அச்சமும் அதுவே.

மோகனாவின் காரணங்கள் தெளிவாக இருக்கின்றன. அதனாலேயே அவள் பாத்திரத்துக்கு வழிகள் எழுதுவது கடினம். அவள் ஒரே வழியில் போகிறவள். சண்முகசுந்தரமோ சந்தேகம் வந்தால் பாதை மாறுபவர். மதன்பூர் அரண்மனையில் அவர் மோகனாவைத் தவறாக எண்ணும் இடத்தில் திரையரங்கில் அமர்ந்திருக்கும் நமக்கு உண்மை தெரியும், அவருக்குத் தெரியாது. "இவ்வளவு பெரிய வித்துவான் இப்படிச் சந்தேகப்படலாமா?" என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். நமக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு அவரை அளக்கிறோம். இந்தப் பிழையை நானும் செய்தேன், ஆனால் சினிமாவில் அன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து 'சிந்து பைரவி'. கே. பாலசந்தர் இயக்கி 1985-இல் வெளிவந்தது. சுஹாசினிக்கும், இசையமைத்த இளையராஜாவுக்கும், பாடிய சித்ராவுக்கும் தேசிய விருதுகள் பெற்றுத் தந்த படம். ஜே.கே.பி. என்ற கர்நாடக இசை மேதை, இசை தெரியாத மனைவி பைரவி, இசை தெரிந்த ஆசிரியை சிந்து. கச்சேரியில் தமிழ்ப்பாட்டு ஏன் இல்லை என்று கேட்டு அறிமுகமாகிறாள் சிந்து. முக்கோணக் காதல் என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் படத்தில் மிக முக்கியமான மனிதராகத் தெரிபவர் மிருதங்கக்காரர் குருமூர்த்தி. டெல்லி கணேஷ் நடித்திருப்பார். குடித்துவிட்டு வந்தார் என்பதற்காக அவரை மேடையேற்ற மறுத்துவிடுகிறார் ஜே.கே.பி. பின்னால் அதே ஜே.கே.பி. குடிக்கு அடிமையாகித் தெருவுக்கு வருகிறார். அன்று பக்கவாத்தியக்காரரை விலக்கியபோது அவரை இயக்கியது ஒழுக்கமா, அல்லது தனக்குள்ளும் இருந்த ஏதோ ஒரு பலவீனத்தைக் கண்ட பயமா? படம் இதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லாததால்தான் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் வகுப்பில் அரை மணி நேரம் சண்டை போட முடிந்தது.

சிந்து தன் குழந்தையைப் பைரவியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் இடத்துக்கு எங்கள் வகுப்புத் தோழர்களிடம் வழிகள் கேட்டோம். மாணவர்களில் பலர் சிந்து இருந்துவிட வேண்டும் என்றார்கள். மாணவியர் பெரும்பாலும் சிந்து குழந்தையோடு போய்விட வேண்டும், அந்தப் பெரிய மனிதரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். ஒருவர்கூடப் பாலசந்தர் எழுதிய முடிவைத் தேர்ந்தெடுக்கவில்லை! ஆனாலும் அந்த முடிவை மாற்றினால் படம் நினைவில் நிற்குமா என்று கேட்டபோது எல்லாரும் மௌனமாகிவிட்டார்கள்.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலையும் நூலகத்தில் எடுத்தேன். கும்பகோணம், பாபு, அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனா, குரு ரங்கண்ணா. பாதி வந்ததும் பருவத்தேர்வு வந்துவிட்டது. விடுமுறையில் முடிப்பேன்.

இதற்குள் ஒரு கணக்கு எங்களை மிரட்டியது. ஒவ்வோர் இடத்திலும் இரண்டே வழிகள் என்று வைத்தாலும், பத்து இடங்கள் கடந்தால் 1,024 முடிவுகள் வரும். யார் எழுதுவது? அதனால் இத்தகைய கதை எழுதுபவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். பிரிந்த கிளைகளைச் சிறிது தூரம் போனதும் மீண்டும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். வாசகர் எதைத் தொட்டாலும் அதே மண்டபத்துக்குத்தான் வந்து சேர்வார். ஆனால் அவர் எந்த வழியாக வந்தார் என்பதைக் கணினி ஒரு மாறியில் குறித்துவைத்துக்கொள்ளும். கோபம் = 1, நன்றி = 0 என்பது போல. இவ்வளவு கற்றதும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. சினிமாக் கதை எதற்கு, எங்கள் வீட்டுக் கதையையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் ஒரு தவில் இருக்கிறது. பலா மரத்தில் குடைந்தது. பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பீரோவின் மேல் கிடக்கிறது. அப்பா தவில்காரர். தாராபுரம் பக்கம் எங்கள் ஊர். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, நாகசுரம். தாத்தா காலத்திலிருந்து செட்டு. 2010-ஆம் ஆண்டு ஐப்பசியில் அப்பா தவிலை இறக்கிவைத்துவிட்டுத் திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது எனக்கு ஐந்து வயது. அதன்பின் அண்ணனும் தம்பியும் நல்லது கெட்டதில் பார்த்துக்கொண்டால் "வாங்க", "போங்க" என்பதோடு சரி. பெரியப்பாவும் வாசிப்பதை விட்டுவிட்டார்.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அம்மா சொல்வது: ஒரு கல்யாணத்தில், மாலைக் கச்சேரியில், பெரியப்பா ராகம் வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.  ஆனால் அப்பா உடனே தவிலை எடுத்துத் தனி வாசிக்கத் தொடங்கி அரை மணி நேரம் பந்தலையே அதிர வைத்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. அன்றிரவு அண்ணன் தம்பிக்குள் சண்டை. "உங்க பெரியப்பாவுக்குப் பொறுக்கலை" என்பது அம்மாவின் தீர்ப்பு. அப்பத்தா சொல்வது: பங்குப் பணத் தகராறு. பெரியம்மா சொல்வது: டவுன் சம்பளத்தில் ஆசை. பெரியப்பா எதுவும் சொல்வதில்லை. அப்பாவும் சொல்வதில்லை.

நான் ஆராய்ச்சி மாணவி போலச் சான்றுகளைத் தேடினேன். பணத்தாசை என்ற காரணம் முதலில் விழுந்தது. அப்பா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், 2011 ஜனவரியில், நொய்யல் மாசு வழக்கில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயம் இல்லையென்றால் துணி இல்லை. துணி இல்லையென்றால் அயர்ன் பெட்டிக்கு என்ன வேலை? வாரத்தில் பாதி நாள் அப்பா வீட்டில் இருந்ததும், அம்மா பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கே வாங்கி வந்ததும் எனக்கே மங்கலாக நினைவிருக்கிறது. அதே நேரம் தை மாதம், முகூர்த்த மாதம். பணம்தான் காரணம் என்றால் தவிலைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருக்கலாமே! திரும்பவில்லை. ஆகவே மிஞ்சியது கர்வம். சண்முகசுந்தரத்துக்கு இருந்த அதே கர்வம். கைதட்டு வாங்கிய தம்பி, பொறுக்காத அண்ணன். இப்படித்தான் முடிவு செய்தேன்.

கதையை எழுதினேன். பாத்திரங்களுக்குப் பெரியவர், சின்னவர் என்று மட்டும் பெயர். வாசிப்பவர் சின்னவராக இருந்து கதையை நடத்த வேண்டும். பந்தல் காட்சியில் இரண்டு வழிகள்: பெரியவர் நிறுத்தியதும் காத்திருப்பது, அல்லது தனி வாசிப்பது. இரவுக் காட்சியில் இரண்டு வழிகள்: அண்ணனிடம் மன்னிப்புக் கேட்பது, அல்லது டவுனுக்குப் போய்விடுவது. கண்காட்சியில் நிறையப் பேர் விளையாடினார்கள். விரிவுரையாளர் ஒருவர் இரண்டு முறை விளையாடிவிட்டு, "அம்மா, இந்தச் சின்னவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை எங்கேயும் குறித்துவைக்கவில்லையே? தெரிந்ததை வைத்துத்தானே ஒருவன் முடிவெடுப்பான்?" என்றார். நல்ல குறிப்பு என்று நோட்டில் எழுதிக்கொண்டு மறந்துவிட்டேன். என்ன அறியாமை!

அப்பாவிடம் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே, "காலேஜ்ல என்னமோ மேளக்காரன் கதை போட்டயாமா? உங்கம்மா சொன்னா. காட்டு பாக்கலாம்" என்றார். கைகால் நடுங்கக் கைப்பேசியைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்லப் படித்தார். பந்தல் காட்சி வந்தது. தனி வாசிப்பதைத் தொட்டார். யோசிக்கவே இல்லை. இரவுக் காட்சி வந்தது. விரல் கண்ணாடித் திரைமேல் நின்றுவிட்டது. வலக்கை விரல்கள். ஒரு காலத்தில் கூடு மாட்டி வாசித்த விரல்கள். இப்போது அயர்ன் பெட்டியின் சூட்டுத் தழும்பு இரண்டு இருக்கிறது.

"இதுல ரெண்டு வழிதான் இருக்குதா கண்ணு?"

"ஆமாங்ப்பா."

"மன்னிப்புக் கேக்கறதுன்னா, எதுக்குன்னு சொல்லோணுமே?"

எனக்கு விளங்கவில்லை. அவர் கைப்பேசியைத் திண்ணையில் வைத்தார்.

"ராகத்துல பாதியில அண்ணனுக்கு மூச்சு நின்னு போச்சு. சீவாளிய வாயில வெச்சபடி இருக்கறாரு, காத்து வரலை. ரெண்டாம் நாயனமும் அன்னைக்கு வரலை. ஒத்து மட்டும் ஊதீட்டிருக்குது. இன்னும் ஒரு நிமிசம் போனா சபைக்கே தெரிஞ்சு போயிரும். அதான் எடுத்து அடிச்சேன். அன்னைக்கு ராத்திரி, 'ஏண்டா குறுக்க வந்தே'ன்னு கேட்டாரு. 'உங்களுக்கு மூச்சு நின்னுச்சுங்ண்ணா, அதான் அடிச்சேன்'னு சொல்றதா? அதச் சொல்லித்தான் மன்னிப்புக் கேக்கோணும். வாய் வருமா?"

பெரியப்பா இளவயதில் சில ஆண்டுகள் பஞ்சு அரைக்கும் ஜின்னிங் பேக்டரியில் வேலை செய்தவர் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். அவருக்கு இளைப்பு இருப்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அது அந்தப் பந்தலிலேயே தொடங்கிவிட்டது என்பது யாருக்கும் தெரியாது.

"அதுக்கு ஏனுங்ப்பா ஊரை விட்டு வரோணும்?"

"அடுத்த முகூர்த்தத்துல மறுபடியும் நிக்குமல்லோ? நான் எத்தன தடவ குறுக்க அடிக்கறது? நான் வந்துட்டா செட்டுக் கலைஞ்சு போயிரும். தம்பி போயிட்டான், அதனால வாசிக்கறதில்லைன்னு அவரு நாலு பேருகிட்டச் சொல்லிக்கலாம். மூச்சு போச்சுன்னு சொல்ல வேண்டியதில்லை."

இதை அவர் ஏதோ கடைக்குப் போய் வந்த கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "இந்தச் சாமான்ல அந்த வழியப் போட முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். சதுர அடைப்புக்குள் என்ன சொல் இடுவது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை. 'டவுனுக்குப் போவது' என்ற பழைய வழியும் அதே இடத்துக்குத்தான் போகிறது. செயலும் அதேதான். விரிவுரையாளர் சொன்னது அப்போதுதான் மண்டையில் இறங்கியது. பெரியவரின் மூச்சு நின்றதைச் சின்னவர் அறிவார் என்ற ஒரே ஒரு மாறி என் கதையில் இல்லை. அது இல்லாததால் என் அப்பாவைப் பதினைந்து ஆண்டுகள் நான் கர்வக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போனபோது பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். கைப்பேசியை எடுத்துப் போனேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அப்பா சொன்ன வழியை அதில் சேர்க்கவில்லை. கண்காட்சியில் வைத்த பழைய கதைதான். அப்பா சொன்னதை வாயால் சொல்லும் எண்ணமும் இல்லை. பெரியப்பாவுக்குக் கண் சரியில்லை. நானே வாசித்துக் காட்டினேன். கட்டிலில் சாய்ந்தபடி, இடையிடையே இளைத்துக்கொண்டு கேட்டார். அருகில் சுவரில் நாகசுரம் உறையோடு தொங்கியது. சின்னவராக இருந்து வழியைச் சொல்ல வேண்டும் என்றேன்.

"ஏன், நான் நாயனக்காரனா இருக்கக் கூடாதா?"

"அதுக்கு வழி எழுதலைங்க பெரியப்பா."

"செரி, படி."

பந்தல் காட்சியைப் படித்தேன். பெரியவர் நிறுத்துகிறார், சின்னவர் தவிலை இழுத்துக்கொள்கிறார் என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நாயனக்காரன் வாசிக்கறப்போ தவில்காரன் எங்க பாப்பான் தெரியுமா? நாயனக்காரன் மூஞ்சியத்தான். அவன் மூச்ச எங்க எடுக்கறான், எங்க விடறான்னு பாத்துக்கிட்டே இருப்பான். உங்கப்பன் சின்ன வயசிலிருந்து என் மூஞ்சியப் பாத்தே வாசிச்சவன். நான் நிறுத்தின நேரத்துல அவன் கண்ணு எங்க இருந்துச்சுன்னு நீ எழுதலியே?"

நான் விழித்தேன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. பெரியம்மா காபி கொண்டு வந்தார். ராகம் என்ன என்று மட்டும் பிறகு கேட்டார். நான் அதையும் எழுதியிருக்கவில்லை. "தோடின்னு போட்டுக்க" என்றார்.

இரவு பஸ்ஸில் திருப்பூர் வந்து சேர்ந்தேன். அப்பா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். துண்டைக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். யார் கேட்டது என்று அவர் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பந்தக்கால்ல வாழை கட்டியிருந்தாங்க. அதப் பாத்துட்டிருந்தேன்" என்றார்.